ரங்கம்மா பாடிய ஒப்பாரி

அட, அதையேன் கேட்கிறீர்கள்! அந்தக் கேமரா அம்மணியின் வண்டிச் சத்தம் கேட்டாலே எங்கள் சனம் குடியிருக்கிற வளவில் கிழடுகட்டைகள் எல்லாம் இருமலை அடக்கிக்கொள்வோம். நான்கூடத்தான். போன மாதம் சளி கட்டிப் படுத்துக் கிடந்தேன் அல்லவா? அவள் மொபெட் வாசலில் வந்து நின்றதும் சடாரென்று எழுந்து உட்கார்ந்து, முறத்தை எடுத்துப் புடைக்க ஆரம்பித்துவிட்டேன். முறத்தில் ஒன்றுமே இல்லை!

ஏன் என்கிறீர்களா? எங்களில் யாராவது ஒருவர் போய்ச் சேரட்டும் என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள். பாவம்... தங்கமான பிள்ளை.

இருங்கள், முறையாகச் சொல்கிறேன். நான் வாயால் சொல்வதை என் மருமகள்தான் பத்திரிகைத் தமிழாக்கி எழுதித் தருகிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். நான் 'ஊடு' என்றால் அவள் 'வீடு' என்று எழுதுவாள். எழுதட்டும். எனக்குப் படிக்கத் தெரியாது, சண்டைக்குப் போக முடியாது. ஆனால் மனிதர்கள் பேசியதைப் பேசியபடியே போடச் சொல்லியிருக்கிறேன்.

கேமரா அம்மணி பெயர் நிர்மலா. கோயமுத்தூர்ப் பிள்ளை. அவள் குடும்பம் மில் வைத்திருக்கிறது. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். எங்கள் வளவிலும் வீட்டுக்குள் தெலுங்குதான்... ஆனால் அவளுடையது பட்டுப்புடவை கட்டிய தெலுங்கு, எங்களுடையது சேற்றில் இறங்கி நாற்று நட்ட தெலுங்கு. முதல் நாள் என்னைப் பார்த்ததும் "அவ்வா" என்று கூப்பிட்டாள். பாட்டி என்று அர்த்தம். மில்லுக்காரர் வீட்டுப் பிள்ளை என்னை அவ்வா என்கிறதே என்று எனக்கு ஒரே பூரிப்பு. அன்றைக்கே என் மடியில் இருந்த வெற்றிலையில் பாதி அவளுக்குப் போய்விட்டது.

எங்கே நான்கு பேர் கும்மி தட்டினாலும், தப்பட்டை அடித்தாலும், தொட்டில் ஆட்டிப் பாடினாலும் அவள் அங்கே இருப்பாள். எங்கே நான்கு பேர் கொடி பிடித்து நியாயம் கேட்டாலும் அங்கேயும் இருப்பாள். நான் ஒருநாள் கேட்டேன்.

"ஏங்கண்ணு, பாட்டுப் படிக்கறவளையும் படம் புடிக்கறே, கோசம் போடறவளையும் படம் புடிக்கறே. ஏதாச்சும் ஒண்ணப் புடிச்சா ஆவாதா?"

"ரெண்டும் ஒரே ஆளுங்கதானே, அவ்வா."

யோசித்துப் பார்த்தேன். ஆமாம்! களையெடுக்கும்போது பாடுகிற ரங்கம்மாதான் கூலி கேட்கப் போனாலும் முன்னால் நின்று குரல் கொடுக்கிறாள்.

என்னையும் ஒரு படம் எடுத்துப் பெரிதாகப் போட்டுத் தந்தாள். மருமகள் அதைச் சட்டம் போட்டு நடுச் சுவரில் மாட்டினாள். எங்கள் பக்கம் செத்தவர்களுக்குத்தானே சுவரில் படம்? அவிநாசியிலிருந்து வந்த என் ஒன்றுவிட்ட தங்கை உள்ளே நுழைந்தாள், படத்தைப் பார்த்தாள், "ஐயோ, எனக்கொரு வார்த்தை சொல்லாமப் போயிட்டியே அக்கா!" என்று மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் பின்னால் நின்றபடி, "காப்பியா, மோரா?" என்றேன். அலறினாள் பாருங்கள் ஒரு அலறல்!

சரி, எங்கே விட்டேன்? ஆங்... ஒப்பாரி.

நிர்மலாவிடம் எல்லாப் பாட்டுக்கும் படம் இருந்தது, ஒப்பாரிக்கு இல்லை. எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஒப்பாரி என்றால் ரங்கம்மாதான். அவள் வாயெடுத்தால் செத்தவனைப் பிடிக்காதவன்கூட அழுதுவிடுவான். நிர்மலா அவளிடம் போய்ச் சும்மா ஒரு பாட்டுப் பாடிக் காட்டச் சொன்னாள். ரங்கம்மா கையிலிருந்த களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

"சாவு உழுகாம ஒப்பாரி பாடுனா சாவு உழுகும். தெரியுமா, தெரியாதா? யாரூட்ல உழுகோணும்? உங்கூட்லயா, எங்கூட்லயா?"

நிர்மலா முகம் சுண்டிப்போயிற்று. அதன்பின் அவள் கேட்கவில்லை. ஆனால் அடிக்கடி வந்துகொண்டிருந்தாள். எதற்கு? யாராவது சாகும்போது கூடவே இருக்கலாம் என்றுதான்! தப்பட்டைக்காரர் பொன்னான் எங்கள் வளவில் மூத்தவர். ஒருநாள் நிர்மலா அவரை உற்றுப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது.

"என்னைய எதுக்கு அப்படிப் பாக்கறே, அம்மணி? நான் இப்பத்திக்குப் போறாப்பல இல்லை. வேணும்னா அடுத்த வளவுல போய்க் கேட்டுப் பாரு."

நாங்கள் சிரித்த சிரிப்பில் ஆடுகள் கலைந்து ஓடின. நிர்மலாவும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

இப்போது ரங்கம்மாவின் தலைவலியைச் சொல்கிறேன்.

அவள் மகளுக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் மாப்பிள்ளை பார்த்திருந்தாள். மோட்டார் கம்பெனியில் வேலை. வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறோம் என்று மாப்பிள்ளையின் அம்மா ஆள்விட்டுச் சொல்லியிருந்தார். கூடவே ஒரு வார்த்தை: 'மூணு ரோட்டுல பஸ் எறங்கி, ஒரு டீயக் குடிச்சுப்போட்டு நடந்து வந்தர்றோம்.'

அந்த டீதான் தலைவலி.

மூணு ரோட்டில் இருப்பது ஆறுச்சாமியின் டீக்கடை ஒன்றுதான். ஓலைக் கூரை, முன்னால் தூக்கி முட்டுக் கொடுத்த தட்டி, உள்ளே பாய்லர், பெஞ்சு. பெஞ்சில் உட்காருகிறவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். எங்களுக்கு? கடைக்கு வெளியே வேப்பமரத்தில் ஆணி அடித்து அலுமினிய டம்ளர்கள் தொங்கும். நாமே எடுத்து, நாமே கழுவி, நீட்ட வேண்டும். அவர் மேலேயிருந்து ஊற்றுவார். குத்தவைத்துக் குடித்துவிட்டுக் கழுவி மாட்டிவிட வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு இதெல்லாம் தெரியாது. அவர்களும் நம் ஆட்கள்தான் என்றாலும் டவுன் பக்கம் வாழ்கிறவர்கள். எந்தக் கடையிலும் ஏறி உட்கார்ந்து குடிக்கிறவர்கள். அவர்கள் பெஞ்சில் உட்காரப் போக, "எந்த வளவுக்கு?" என்று ஆறுச்சாமி கேட்க, வேப்பமரத்தைக் கை காட்டினால்...? சம்பந்தி மனசில் அந்த டம்ளர் விழுந்த பிறகு சம்பந்தம் நிற்குமா? அல்லது, எல்லாம் முடிந்து பெண் போகிற வீட்டில் அதைக் குத்திக் காட்டாமல் இருப்பார்களா?

நீங்கள் கேட்பீர்கள், மனுக் கொடுக்கக் கூடாதா என்று. கொடுத்தோம்! நிர்மலா அதையும் படம் எடுத்தாள். ஆபீசர் வந்தார். அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் கண்ணாடி கிளாஸ். ஜீப் போன புழுதி அடங்குவதற்குள் டம்ளர்கள் ஆணியில் ஏறிவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். நிர்மலா ஓரமாக உட்கார்ந்து கேமராவுக்குப் பிலிம் மாட்டிக்கொண்டிருந்தாள். ரங்கம்மா வெள்ளிக்கிழமையைப் பற்றியே புலம்பினாள். அந்த நேரம் பார்த்து இந்தப் பிள்ளை வாயைத் திறந்தாள்.

"ரங்கம்மாக்கா, ஒப்பாரில மொதல்ல செத்தவங்க பேரச் சொல்லுவீங்களா, ஊரச் சொல்லுவீங்களா?"

வந்ததே கோபம் ரங்கம்மாவுக்கு!

"எங்கூட்டு நல்ல காரியம் நிக்குமா நிக்காதான்னு நான் வவுத்துல நெருப்பக் கட்டிட்டு உக்காந்திருக்கறேன், உனக்கு ஒப்பாரியா? பாடறேன்! அந்த டம்ளரு சாவட்டும், அன்னைக்குப் பாடறேன், வந்து படம் புடி!"

சொல்லிவிட்டு அவளே நிறுத்தினாள். உரித்த வெங்காயம் கையிலேயே இருக்கிறது. என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"அக்கா..."

"சொல்லு."

"டம்ளரு செத்தா... பாடலாமில்ல?"

"செத்ததுக்குத்தானே பாடறே? ஒரு தப்புமில்ல," என்றேன். எனக்கு உள்ளுக்குள் கும்மாளம். பொன்னானை எழுப்ப நானே ஓடினேன்... என் முட்டிவலி எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.

வேப்பமரத்து டம்ளர்களை எடுத்து வருவதில் கஷ்டமே இல்லை. எங்களைத் தவிர யார் தொடுவார்கள்? யார் கவனிப்பார்கள்? ஆளுக்கொன்றாகக் கழுவுவது போல எடுத்தோம், மடியில் கட்டினோம், வந்துவிட்டோம்.

மூங்கில் பாடை கட்டினார்கள். ஆள் படுக்கிற நீளத்துக்கு! நடுவில் டம்ளர்களை வைத்து, கோடித் துணி போர்த்தி, செவ்வந்தி மாலை போட்டோம். பொன்னான் தப்பட்டையை நெருப்பில் காட்டி ஒரு தட்டுத் தட்டினார்... உண்மையாகவே எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆண்கள் தோள் கொடுக்க, நாங்கள் பின்னால் அழுதுகொண்டே போனோம்.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்று சொல்ல வேண்டும். பொம்பளைகள் சுடுகாட்டுக்குப் போகக் கூடாது. மூணு ரோடு வரைக்கும்தான். அங்கே பாடையை இறக்கி வைப்பார்கள், நாங்கள் சுற்றி உட்கார்ந்து கடைசிப் பாட்டுப் பாடித் திரும்பிவிட வேண்டும். பாடை மூணு ரோட்டுக்கு வந்தால் கடைக்காரர் தட்டியை இறக்குவார், பெஞ்சில் இருக்கிறவர்கள் எழுந்து நிற்பார்கள், தலைத்துண்டை எடுத்துவிடுவார்கள். எந்த வளவுச் சாவானாலும் இப்படித்தான். உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான் தனி டம்ளர். பிணமாகிவிட்டால் மரியாதை எல்லோருக்கும் ஒன்று! வேடிக்கையாக இல்லை?

தப்பட்டைச் சத்தம் கேட்டதுமே ஆறுச்சாமி பழக்க தோஷத்தில் முட்டுக் கோலைத் தட்டிவிட்டுத் தட்டியை இறக்கினார். துண்டை எடுத்தார். கையைக் கூப்பினார். பெஞ்சில் இருந்த நாலைந்து பேரும் டீயை வைத்துவிட்டு எழுந்தார்கள். நிர்மலாவின் கேமரா 'டிக்' என்றது.

பாடை இறங்கியது. நாங்கள் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்து உட்கார்ந்தோம். ரங்கம்மா வாயெடுத்தாள்.

"ஆணியில தொங்கினியே
அலுமினிய ராசாவே...
வேம்புக்கு அடியிருந்தே
வெயிலெல்லாம் குடிச்சியே..."

எங்களுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வருகிறது. ஒப்பாரியில் தோள் குலுங்கினால் அழுகையா சிரிப்பா என்று யாருக்குத் தெரியும்? முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டோம். அவள் அடுத்த அடிக்குப் போனாள்.

"எங்காயா வாயி பட்டே
எங்கம்மா வாயி பட்டே
எம்மருமவன் வாயி படுமுன்னே
எமனூரு போனியே..."

அங்கே நின்றது சிரிப்பு. அவள் அம்மா கடைசிக் காலத்தில் அந்த மரத்தடியில்தான் குத்தவைக்க முடியாமல் சாய்ந்து நின்று குடிப்பாள். எனக்கு என் அம்மா முகம் வந்தது. ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு முகம் வந்திருக்கும். அப்புறம் நாங்கள் அழுதது நிஜமான அழுகை. யாரும் யாரையும் தேற்றவில்லை.

ஆறுச்சாமி பக்கத்தில் நின்றவரிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க, யாருங்க தவறிப்போனது?"

அவர் வேப்பமரத்தைக் காட்டினார். ஆணிகள் மட்டும் இருந்தன.

"அடக் கெரகமே! என்ற கடை முன்னால எழவு கொட்டறீங்களா? நிறுத்துங்க! டம்ளரைக் குடுங்க!"

ரங்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோடித் துணியை மெதுவாக விலக்கினாள்.

"எடுத்துக்கங்க சாமி. உங்களுதுதானுங்களே?"

அவர் குனிந்தார். கை நீண்டது. டம்ளருக்கு ஒரு சாண் மேலே வந்தது... அப்படியே நின்றுவிட்டது. எங்கள் வாய் பட்ட டம்ளர்! டவுன் கடையிலிருந்து அவர் வாங்கி வந்தபோது தொட்டதோடு சரி. இப்போது எப்படித் தொடுவார்? எத்தனை பேர் பார்க்கிறார்கள்? பொன்னான் தப்பட்டை அடிப்பதை நிறுத்திவிட்டார்.

'டிக்.'

அவர் கையை எடுத்துக்கொண்டு பின்வாங்கினார். பாடை எழுந்தது. ஆண்கள் சுடுகாட்டுக்குப் போய்க் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தார்கள். நாங்கள் வழக்கப்படி தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வீட்டுக்குள் போனோம். நிர்மலாவையும் விடவில்லை. குளிரக் குளிர ஊற்றினோம். கேமராவுக்கு மஞ்சள் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்றாள் ரங்கம்மா. அந்தப் பிள்ளை பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினாள்!

கதை முடிந்ததென்று நினைத்தீர்களா? மறுநாள் ஆறுச்சாமி கடை திறக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பால் வரவில்லை என்றார். டவுனுக்குப் போய்ப் புது டம்ளர் வாங்கி வரப்போகிறார் என்றார்கள். ரங்கம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"நானே என்ற மவ வாழ்க்கையில மண்ணப் போட்டுட்டனாக்கா?"

"பேசாம இரு" என்றேன். எனக்கும் பயம்தான்.

அவரைத் தடுத்தது யார் தெரியுமா? அவருடைய அம்மா. கட்டிலை விட்டு எழாத கிழவி. அந்த வீட்டில் சாணி அள்ளப் போகிற எங்கள் ஆள் காதால் கேட்டு வந்து சொன்னாள்.

"டேய், நீதானடா தட்டிய எறக்குனே? நீதானடா கையெடுத்துக் கும்புட்டே? கும்புட்டுச் சாவ அனுப்பிப்போட்டு, மறுக்காவும் அதையே வாங்கியாந்து மாட்டப் போறயா? போனது திரும்பி வந்தா ஊட்டுக்கு ஆவுமாடா? அடுத்தது நாந்தான் போவோணும்!"

கிழவிக்கு எங்கள் மேல் ஒன்றும் பிரியமில்லை. அவளுக்குச் சாவுமேல் பயம், அவ்வளவுதான். எந்தக் கதவு எந்தச் சாவிக்குத் திறக்கும் என்று யார் கண்டது?

வெள்ளிக்கிழமை காலையில் கடை திறந்திருந்தது. ரங்கம்மாவும் நானும் மூணு ரோட்டில் போய் நின்றோம். வேப்பமரத்தைத்தான் முதலில் பார்த்தோம். வெறும் ஆணிகள்.

நிர்மலாவும் வந்திருந்தாள், இரண்டு படங்களோடு. ஒன்றில் ஆறுச்சாமி கையைக் கூப்பி நிற்கிறார். ஒன்றில் அந்தக் கை... டம்ளருக்கு மேலே அந்தரத்தில். எனக்கு எழுத்துத்தான் தெரியாது, படம் தெரியும். அந்தக் கையைப் பார்த்தால் எங்கள் ஊர் முழுக்கத் தெரியும்.

"ரங்கம்மாக்கா, இதைப் பத்திரிகைக்குக் குடுக்கலாமா? உங்க மூஞ்சியும் தெரியுது. உங்க வேலைக்கு ஏதாவது..."

ரங்கம்மா இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "கை இருக்கறதப் போடு. நல்லாப் பெருசாப் போடு. கும்புடறத அவருக்கே குடுத்துரு. அவுரும் ஒண்ணு வெச்சுக்கட்டும்."

பஸ் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா இறங்கினார், கூடவே சொந்தக்காரர்கள் மூன்று பேர். பூசினாற்போல் உடம்பு, கையில் பூப்பை. நேராகப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். "நாலு டீ போடுங்க" என்றார்.

ரங்கம்மா என் கையைப் பிடித்தாள். வளையல் என் மணிக்கட்டில் பதிந்தது. இன்னும் தழும்பு இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன்.

ஆறுச்சாமி எங்களைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். அப்புறம் கண்ணாடி கிளாஸ்களை எடுத்து வரிசையாக வைத்தார். ஆற்றினார். கொண்டுவந்து கையில் கொடுத்தார். கையில்!

சம்பந்தியம்மா கிளாஸை உதட்டுக்குக் கொண்டுபோனார். நிர்மலா கேமராவைத் தூக்கினாள். ரங்கம்மா பாய்ந்து போய்க் கேமராக் கண்ணாடிமேல் கையை வைத்து மூடிவிட்டாள்.

"உள்ள வெய்யி அம்மணி! டீக் குடிக்கறதப் போயி யாராச்சும் படம் புடிப்பாங்களா?"

நிர்மலா அவளையே பார்த்தாள். கேமராவைப் பைக்குள் வைத்து, பெஞ்சில் சம்பந்தியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, தனக்கும் ஒரு டீ சொன்னாள்.

சம்பந்தியம்மா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். போச்சு என்று நினைத்தேன்.

"ஏனுங்க... டீயில சக்கரை பத்துலீங்களே?"

"சேத்திப் போடறேனுங்க," என்றார் ஆறுச்சாமி.

ரங்கம்மா சிரித்தாள் பாருங்கள்... அந்தச் சிரிப்பை எந்தக் கேமராவாலும் பிடித்திருக்க முடியாது. ஊரே அவர் டீயைப் பற்றிச் சொல்கிற குறை அது ஒன்றுதான். எங்களுக்குத்தான் அதைச் சொல்ல வாய்ப்பே—

ஐயோ, பைப்பில் தண்ணீர் வந்துவிட்டது! குடத்தை வரிசையில் வைக்காமல் உங்களோடு வாயடித்துக்கொண்டிருக்கிறேனே... நகருங்கள், நகருங்கள்!